சான்றுப் பொருள் எண் நாற்பத்தொன்று

ரத்வான் தன் மனைவி தவ்லத்தின் மரண அறிவிப்பைத் தன் கையாலேயே எழுதினார். கெய்ரோவில் ஒரு மனுஷி எப்படி வாழ்ந்தாள் என்பதைப் பத்திரிகையின் கறுப்புக் கட்டம்தான் முடிவு செய்யும். யாருக்கு மகள், யாருக்கு மனைவி, எந்த ஊர் நீதிபதிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வரிசை பிசகாமல் வரவேண்டும். ரத்வான் முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்தவர், கடைசியில் நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவருக்கு வரிசை பிசகாது. பதினோரு வரி எழுதினார். அவள் ஒரு காலத்தில் ஆடினாள் என்பது அந்தப் பதினோரு வரியில் இல்லை. முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டிலும் இல்லை.

மூன்றாம் நாள் அதே பத்திரிகையின் கலைப் பக்கத்தில், ஒரு பாடகரின் மூன்றாவது திருமணத்துக்குக் கீழே, இரண்டு வரி வந்தது. கண்ணியக் குறைவு என்று அரசு வெட்டியெறிந்த நடனத்தை ஆடியவர் ஷுப்ராவில் காலமானார் என்று அது சொன்னது. பெயரும் போட்டிருந்தது.

அண்ணன் ஷாகிர் பென்ஹாவிலிருந்து ரயிலேறி வந்தார். எண்பத்திரண்டு வயது. காப்பியைத் தொடவில்லை. பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்து, அதன்மேல் கைத்தடியின் முனையை வைத்தார்.

"தம்பி, அன்னிக்கு நீ இவளைக் கட்டும்போது நாங்க வாயை மூடிக்கிட்டோம். நீ பண்ணின சத்தியத்துக்காக மூடிக்கிட்டோம். இன்னிக்கு ஊரே படிச்சிருச்சு. நாற்பதாம் நாளுக்கு நானும் எம் பசங்களும் அவ அடங்கின கபருக்கு வரணும்னா, இது இல்லேன்னு அதே பேப்பர்ல வரணும். வரலேன்னா நீ மட்டும் போய் நில்லு."

அந்தச் சத்தியம் என்னவென்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரியைக் கட்டப் போகிறான் என்று அண்ணன்மார் கொதித்தபோது, ரத்வான் அவர்கள் நடுவில் எழுந்து நின்று, இவள் ஆடுவதை என் கண்ணால் நான் ஒரு தடவை பார்த்தாலும் இவள் எனக்கு மூன்று தலாக் என்றார். அந்த வீட்டு ஆண்கள் தலாக்கின் பெயரால் சொன்ன வார்த்தையை விழுங்கியதில்லை. தவ்லத் அதைக் கேட்டு அழவில்லை. அப்படியானால் நான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். இருந்தாள். வானொலியில் நல்ல தாளம் ஒன்று வந்துவிட்டால், கொத்துமல்லி தீர்ந்துவிட்டது என்று அவரைக் கடைக்கு அனுப்புவாள். அனுப்ப நேரமில்லை என்றால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டுச் சத்தம் நின்றுவிடும். தரையில் குதிகால் படும் சத்தம் கேட்கும். ரத்வான் கதவுக்கு இந்தப் பக்கம் பத்திரிகையை விரித்தபடி உட்கார்ந்திருப்பார். எழுந்து உள்ளே போகுமுன் பலமாக இருமுவார். பிள்ளைகள் இல்லாத அந்தக் குடித்தனம் இப்படியே முப்பத்தொரு வருடம் தலாக் ஆகாமல் நடந்தது.

இப்போது சாவு அந்தச் சத்தியத்தைத் தீர்த்துவிட்டது, இனி பார்த்தாலும் தலாக் விழாது. அதை ரத்வான் யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பாட்டித் துணி சுற்றிய அன்றே அது அவருக்குத் தோன்றிவிட்டது என்பதையும் சொல்லவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாங்களாக எழுதவில்லை, படங்களைத் தணிக்கை செய்யும் அரசுக் கண்காணிப்பகத்தின் பதிவேட்டில் அப்படி இருக்கிறது, அவர்கள் இல்லை என்று தாள் கொடுத்தால் நாங்கள் திருத்தம் போடுகிறோம் என்றார்கள். அன்று பன்னிரண்டாம் நாள். நாற்பதாம் நாள் ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது.

அந்த நடனம் இருந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'கால்வாயின் மைந்தர்கள்' என்று அதற்குப் பெயர். இரண்டரை மணி நேரம். கதாநாயகன் நீர்ப்பாசனப் பொறியாளன். அவன் வாயைத் திறந்தால் கன அடியில்தான் பேசுவான். படத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பு வருகிறது, அது அவனைவிட நன்றாக நடித்தது என்று அப்போதே சொன்னார்கள். நடுவில் ஒரு கல்யாணப் பந்தல், தவ்லத்தின் ஆறு நிமிட ஆட்டம். அந்த ஆறு நிமிடத்துக்காக ரத்வானின் ரயில் நிலையத்துப் போர்ட்டர்கள் மூன்று நாள் சுமை தூக்காமல் கெய்ரோவில் கிடந்தார்கள். நான்காம் நாள் கண்காணிப்பகம் அந்த ஆறு நிமிடத்தை வெட்டியெடுத்தது. அதற்குப் பிறகு பொறியாளன் பந்தலுக்குள் சோகமாக நுழைவான். அடுத்த கணம் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, வேலையை ராஜினாமா செய்வான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு விமர்சகர் மட்டும் அதை ஆழமான குறியீடு என்று எழுதினார்.

கண்காணிப்பகம் நைல் கரையில், மன்னர் காலத்துப் பிரபுவான ஒரு பாஷாவின் மாளிகையில் இருந்தது. ரத்வான் இறுக்கமாக டை கட்டிக்கொண்டு, மரணச் சான்றிதழோடும் முத்திரைத் தாளில் எழுதிய மனுவோடும் போனார். மூன்றாவது ஜன்னலில் இருந்த குமாஸ்தா மனுவைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் படித்தான்.

"ஆட்சேபத்துக்குரிய பொருளுக்கும் உங்களுக்கும் என்ன உறவு, ஹாஜி?"

"கணவன்."

அவன் 'பொருளின் கணவர்' என்று எழுதிக்கொண்டான். பிறகு ஒரு படிவத்தை நீட்டினான். பதிவேட்டில் திருத்தம் கோருகிறவர்கள், இனி இப்படி ஆடமாட்டேன் என்று ஆடியவரிடம் உறுதிமொழிக் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம். அவள் இறந்துவிட்டாள் என்று ரத்வான் சான்றிதழைக் காட்டினார். குமாஸ்தா அதை நெடுநேரம் யோசித்தான். மேலதிகாரியிடம் போய்வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. இதைவிட உறுதி வேற என்ன வேணும்?"

'ஆடியவர் நிரந்தரமாக இணங்கிவிட்டார்' என்று எழுதி, முத்திரை குத்தினான்.

ரத்வான் தாளை வாங்கிக்கொண்டு மாடியேறினார். ஜன்னலுக்கு முன் நின்று கெஞ்சுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று டிக்கெட் கொடுத்தே வளர்ந்த மனிதர் அவர்.

மாடியில் துணை இயக்குநர் ஃபிக்ரியா அம்மாள். தலையில் சாம்பல் நிற முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் எப்போதும் சட்டப் பிரிவு. கோப்பில் பெரிய குற்றமே வலைதான் என்றாள். ஆட்டக்காரி வயிற்றின்மேல் வலை போடவேண்டும் என்பது விதி. வலையின் கண்ணுக்குள் சீவிய பென்சிலின் நுனி போகக் கூடாது. இந்த வலை பெரிய கண் வலை என்று கோப்பில் இருக்கிறது, வலை கையில் இல்லாததால் ஒப்பிட வழியில்லை, ஆகவே மனு நிராகரிக்கப்படும் என்றாள்.

"வலை இருக்கு," என்றார் ரத்வான்.

தவ்லத்தின் துணிகளை ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்தபோது, கட்டிலடிப் பெட்டியில், குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில், அந்துருண்டையோடு அது மடித்துக் கிடந்தது. அவள் தன் கையால் பின்னியது. மடித்தால் கையளவு கூட இல்லை. கண்கள் சிறியவை. ஒரு கண்ணுக்கு ஒரு வியர்வைத் துளிதான் பிடிக்கும். முப்பத்தொரு வருடம் அந்தக் கம்பளிகளின் மேல் அவர் தூங்கியிருக்கிறார்.

மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அலுவலகப் பென்சிலை வெளியே எடுத்தார்கள். விதி எழுதப்பட்ட காலத்துப் பென்சில் அது. இத்தனை வருடச் சீவலில் கட்டைவிரல் அளவாகிவிட்டிருந்தது. முதல் ஆய்வாளர் குத்திப் பார்த்தார், நுனி போகவில்லை. இரண்டாவது ஆய்வாளர் பென்சிலைச் சீவிவிட்டுக் குத்தினார், போயிற்று. பென்சில் கூராக இருப்பது விதியா, விதிவிலக்கா என்று ஒரு காலை முழுவதும் பேசினார்கள். கடைசியில் ஃபிக்ரியா அம்மாள், வலையைத் தட்டையாக வைத்து அளந்தால் நீதி கிடைக்காது, உள்ளே ஒரு வயிறு இருந்தால்தான் கண் எவ்வளவு விரியும் என்று தெரியும் என்றாள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் வயிறு இருந்தது. ஆனால் யாருடைய வயிற்றைக் கேட்பது என்பதில் விதி மௌனமாக இருந்தது. தேநீர் போடுகிறவனின் செம்புக் கொதிகலனைக் கொண்டுவந்தார்கள். அதன் வயிற்றில் வலையை இழுத்துக் கட்டினார்கள். மூன்று அதிகாரிகள் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொதிகலன் சுட்டுக்கொண்டிருந்ததால் வலையின் ஓரம் ஓரிடத்தில் கருகியது.

"இதுலகூட ஒரு மாதிரித்தான் இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர் கனத்த குரலில். அது அப்படியே குறிப்பில் ஏறியது.

ரத்வான் சுவரோரம் விறைத்து நின்றார். வலையைத் திருப்பிக் கேட்டார். அது இப்போது விசாரணையில் இருக்கிறது என்றார்கள்.

இருபத்தைந்தாம் நாள் மறுஆய்வுக் குழு கூடியது. கோப்பில் பதினேழு ஆட்சேபங்கள். ஒவ்வொன்றையும் மனுதாரருக்குப் படித்துக் காட்டி, ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று கேட்டு எழுதவேண்டும். தலைமை இயக்குநர் இஸ்மத் பே நடுவில் உட்கார்ந்திருந்தார். பருத்த, மென்மையான மனிதர், விரலில் ஜபமாலை. ஃபிக்ரியா அம்மாள் படித்தாள்.

"முதல் ஆட்சேபம். பதினோரு நொடி அசையாமல் நிற்றல். நிற்பதில் உள்நோக்கம் தெரிகிறது. ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?"

"நிக்கிறதுமா குத்தம்?"

"எப்படி நிக்கிறாங்கங்கிறதுதான், ஹாஜி."

ரத்வான் யோசித்தார். "அவ எதுக்கு முன்னாடியும் கொஞ்சம் நிப்பா. அடுப்பைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடிகூட நிப்பா. ஏத்துக்கிறேன்."

"இரண்டாவது. மூச்சு. வலை நான்கு முறை ஏறி இறங்குகிறது. நான்காவது முறை இறங்கத் தாமதிக்கிறது."

"ஏத்துக்கிறேன். பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன்."

மூன்றாவது, தபலா அடிக்காத இடத்தில் இடுப்பு ஒரே ஒரு முறை அடித்தது, பிறகுதான் தபலா அதைத் தேடிக்கொண்டு வந்தது. நான்காவது, கழுத்துக் குழியில் ஒரு துளி வியர்வை தங்கியது, அதைத் துடைக்கும் கடமை இருந்தும் துடைக்கவில்லை. ஐந்தாவது, இடப்பக்கம் மூன்று அடி, குதிகாலைப் பாயில் இழுத்தபடி, அவசரமில்லாமல். அதற்கு மேல் ஃபிக்ரியா அம்மாள் தாளைப் பார்க்கவில்லை. கோப்பு அவள் மடியில் மூடிக் கிடந்தது. முழங்கால் மடிந்தது, முதுகு பின்னால் வளைந்தது, கூந்தல் முதலில் தரையைத் தொட்டது, மூன்று சுற்று மேளம் முடியும்வரை அப்படியே இருந்தாள், பிறகு யாரோ இடுப்பில் கயிறு கட்டி மெல்லத் தூக்குவதுபோல் எழுந்தாள் என்று ஜன்னலுக்கு வெளியே நதியைப் பார்த்தபடி, வரி பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். இஸ்மத் பேவின் விரலில் ஜபமாலை நின்றுவிட்டது. குறிப்பு எழுதுகிறவனும் எழுதவில்லை.

"பதினேழாவது," என்றாள் கடைசியில். "யாரையும் பார்க்காமல் சிரித்தல். யாரையும் பார்க்காததால் எல்லோரையும் பார்த்ததாகிறது."

ரத்வான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிடத்தில் அவர் தலைகுனிந்தது அந்த ஒரு முறைதான். தன் மனைவி எப்படி ஆடினாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதைச் சொன்னது அரசாங்கம்.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் ஃபிக்ரியா அம்மாள்.

இல்லை என்றார். சத்தியத்தைச் சொன்னார். குழுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாக்காம எப்படிக் கண்ணியமா இருந்துச்சுன்னு சொல்றீங்க?"

"ஆளைத் தெரியும்."

அப்படி ஒரு பிரிவு விதிகளில் இல்லை என்றாள் அவள்.

இஸ்மத் பே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவருக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. ஒழுக்கத்தின் அருமை தெரிந்த குடும்பம் என்று பாராட்டினார். பிறகு தன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஹாஜி, நாங்க ஏதோ ஆட்டத்துக்கு விரோதின்னு ஜனங்க நினைக்கிறாங்க. நான் இந்த வெட்டின துண்டை இருபத்தாறு வருஷமா, வாரா வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாக்குறேன். இங்க வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதுலதான் பயிற்சி. ரமலான்ல மட்டும் நிறுத்திருவோம். விட்டுப்போன நோன்பைப் பின்னாடி புடிக்கிற மாதிரி, பெருநாள் முடிஞ்சதும் ரெண்டு ரெண்டாப் பாத்துச் சரிக்கட்டிருவோம். காய்ச்சலோட வந்து பாத்திருக்கேன். எம் பொண்ணு நிக்காஹ் அன்னிக்கு, பாத்துட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். எனக்கு ஏதாவது ஆச்சா? ஆகல. ஆனா ஒரு ரொட்டிக்கடைக்காரன், ஒரு பஸ் டிரைவர், அவன் ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும், நாட்டோட அஸ்திவாரமே ஆடிரும். அவன் பாக்கக் கூடாதுன்னு நாங்க பாக்குறோம். இது வேலை இல்ல, ஹாஜி. தியாகம்."

எழுதுகிறவன் இதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் எழுதினான்.

"உங்க சம்சாரம்தான் எங்களுக்கு அளவுகோல். அதுக்கு மேல போனா வெட்டு, கீழ இருந்தா விடு. சிலருக்கு அந்தக் கண்ணே வரதில்ல. போன வருஷம் புதுசா ஒரு பொண்ணு வந்தா. திரையைப் பாத்துட்டு, எனக்கு ஒண்ணுமே தெரியலேன்னா. எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் தெரியலேன்னா என்ன அர்த்தம்? வெளிநாட்டுப் பொம்மைப் படப் பிரிவுக்கு மாத்திட்டோம்."

"அளவுகோலைத் தப்புன்னு யாரும் எழுதி வைக்கிறதில்ல," என்றார் ரத்வான். "அந்த வார்த்தையை எடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இது பொய். அவர் வாழ்நாளில் சொன்ன சில பொய்களில் ஒன்று. அவருக்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவருடைய முதுகெலும்பு வளையவில்லை. ஆனால் விதிகள் அவருக்குப் பதிலாக வளைந்து கொடுத்தன. மறுஆய்வு என்றால் துண்டை மீண்டும் திரையிடவேண்டும், மனுதாரர் முன்னிலையில் திரையிடவேண்டும் என்று ஃபிக்ரியா அம்மாள் பிரிவைக் காட்டினாள். முப்பத்துமூன்றாம் நாள், வியாழன், பதினோரு மணி என்று குறித்தார்கள்.

அந்தக் காலையில் ரத்வான் இரண்டு முறை சவரம் செய்தார். கல்யாணத்தன்று போட்ட கறுப்புக் கோட்டை எடுத்தார், தோளில் சற்று தொங்கியது. அத்தர் தடவிக்கொண்டார். தெருமுனையில் கொத்துமல்லிக்காரன், எங்கே இவ்வளவு ஜோராக என்று கேட்டான். வீட்டுக்காரியைப் பார்க்க என்று சொல்ல வாயெடுத்து, அலுவலக வேலை என்றார்.

திரையிடும் அறை பாஷாவின் பழைய நடன மண்டபம். இருபது நாற்காலிகள், பதினெட்டில் அதிகாரிகள். எல்லோருக்கும் அவரவர் நாற்காலி இருந்தது, சிலர் அதில் தங்கள் முதுகுக்கேற்ற தலையணையும் வைத்திருந்தார்கள். ரத்வானுக்குக் கடைசி வரிசை. அவருக்குப் பின்னால், படம் ஓட்டும் பொந்துக்குள், பயூமி என்ற கிழவர் எட்டிப் பார்த்தார். அவர்தான் அங்கே ஆரம்பத்திலிருந்து மிஷின் ஓட்டுகிறவர். கோட்டையும் அத்தரையும் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, உள்ளே போய்விட்டார்.

விளக்கு அணைந்தது. ரத்வான் பழக்கதோஷத்தில் ஒருமுறை இருமினார்.

திரை வெளுத்தது. கோடுகள் விழுந்தன. மேலிருந்து கீழாக ஆயிரம் கோடுகள், மழைபோல. கோடுகளுக்குப் பின்னால் பாலைப்போல் ஒரு வெண்மை. ரத்வான் காத்திருந்தார். முதலில் எழுத்து வரும், பிறகு அவள் வருவாள் என்று நினைத்தார். தூரத்தில் கரகரப்புக்கு நடுவே தபலா கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து அடிப்பதுபோல். திரையில் மழை மட்டும் பெய்தது. ஒரு நிமிடம் போயிற்று. கண்ணில் புரை ஏறிவிட்டதோ என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

பதினெட்டுத் தலைகளும் அசையாமல் இருந்தன. பதினோரு நொடி இருக்கும். பிறகு பதினெட்டுத் தோள்களும் ஒன்றாக ஏறி இறங்கின. நான்காவது முறை இறங்கத் தாமதித்தன. தபலா இல்லாத ஓரிடத்தில் பதினெட்டுத் தலைகளும் சட்டென்று ஒரு வெட்டு வெட்டின. அதன் பிறகுதான் தபலா அடித்தது.

ரத்வான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஆட்சேபம்.

தலைகள் மெல்ல இடப்பக்கம் திரும்பின. மூன்று அடி தூரம், அவசரமில்லாமல். பிறகு எல்லாத் தாடைகளும் சற்றே உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தன. முன்வரிசையில் ஃபிக்ரியா அம்மாளின் முக்காடு கீழே கீழே போய்த் தரையைப் பார்த்து நின்றது. மூன்று சுற்று மேளம். பிறகு அத்தனை தலைகளும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல எழுந்தன. ரத்வான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தலைகளைப் பார்த்தார். அவை போன பக்கம் அவள் போனாள், நின்ற இடத்தில் நின்றாள். முடிவில், பக்கவாட்டில் தெரிந்த ஒரு கிழட்டு ஆய்வாளரின் கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அந்தச் சிரிப்பு அவருடையதல்ல. அது யாருடையது என்று ரத்வானுக்குத் தெரியும்.

விளக்கு எரிந்தது. அதிகாரிகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுல எம் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டார் ரத்வான்.

அவர் எழுந்து நின்று மறுபடி கேட்டார். இஸ்மத் பே பின்னால் திரும்பி, பொந்தைப் பார்த்தார். பயூமி வெளியே வந்து நின்றார்.

"படச்சுருள்தானே ஐயா, எத்தனை தடவை தாங்கும்? ஆயிரம் தடவைக்கு மேல ஓட்டியாச்சு. முகம் போய் எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வலை போச்சு. கடைசியா கால் மட்டும் கொஞ்ச நாள் தெரிஞ்சது. நான் எழுதிக் குடுத்தேன். ஓட்டுய்யா, நாங்க பாத்துக்கிறோம்னாங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. தாங்கள் இத்தனை வருடம் வெள்ளைச் சுவரைப் பார்த்திருக்கிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்ததோ, அல்லது ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரிகிறது என்று நினைத்துச் சும்மா இருந்தார்களோ, சொல்ல முடியாது. பொம்மைப் படப் பிரிவுக்குப் போன பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

குழு அடுத்த அறைக்குப் போனது. அரைமணி நேரம். அரசின் சான்றுப் பொருளை அரசே பார்த்துத் தேய்த்துவிட்டது என்று எழுதினால் பதினெட்டுப் பேர் மேலும் விசாரணை வரும். தேயவில்லை என்று எழுதினால், திரையில் கண்டதைத்தான் எழுதவேண்டும். இஸ்மத் பே தாளோடு வெளியே வந்தபோது உண்மையான மகிழ்ச்சியோடு இருந்தார். ரத்வானின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"முடிஞ்சது, ஹாஜி. நீங்க கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கோம்."

தாளில் இரண்டு வரி. சான்றுப் பொருள் எண் நாற்பத்தொன்று மனுதாரர் முன்னிலையில் முழுமையாகப் பார்வையிடப்பட்டது. ஆட்சேபிக்கத்தக்கதாக எதுவும் அதில் இல்லை. கழுகு முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

ரத்வான் அதை நான்காக மடித்து உள்பையில் வைத்தார். வலையைக் கேட்டார்.

ஃபிக்ரியா அம்மாள் முதல்முறையாகத் தயங்கினாள். நாற்பத்தொன்று என்ற எண் பதிவேட்டில் இருக்கிறது, எண் இருந்தால் அதற்கொரு பொருள் இருக்கவேண்டும், படச்சுருள் இனி ஆட்சேபத்துக்குரியதல்ல, ஆகவே அது பொருளல்ல. அந்த எண்ணில் இனி வலைதான் இருக்கும் என்றாள். பயிற்சி நிற்கக் கூடாதல்லவா?

"அது எங்க வீட்டுப் பொருள்," என்றார் ரத்வான்.

"பத்திரமாப் பாத்துக்குவோம்," என்றாள் அவள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் கலங்கியிருந்ததாகத் தெரிந்தது. அதற்கும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தையே இடித்துத் தின்றவர்களை என்ன சொல்வது?

வெளியே வரும்போது, மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் கொதிகலனைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாம் நாள் காலை பத்திரிகையில் திருத்தம் வந்தது. காலஞ்சென்ற தவ்லத் அம்மையாரின் நடனத்தில் எதுவும் இல்லை என்று அரசு உறுதி செய்துள்ளது, தவறுக்கு வருந்துகிறோம் என்றது. ஷாகிர் தன் நான்கு மகன்களோடு கபரஸ்தானுக்கு வந்தார். கபரின் தலைமாட்டில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"எதுவும் இல்லைன்னு போட்டுட்டான். இப்பத்தான் தம்பி எனக்கு மூச்சே வருது," என்றார். தம்பியின் தோளைத் தட்டினார்.

பேரீச்சை ஓலையைக் கபரின்மேல் விரித்தார்கள். ஏழைகளுக்கு இனிப்பு ரொட்டி பங்கிட்டார்கள். ஓதுகிறவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, ஓத ஆரம்பித்தார். ஆண்கள் கையைக் கட்டி வரிசையாக நின்றார்கள். ரத்வான் எல்லோருக்கும் முன்னால், கறுப்புக் கோட்டில், கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து நின்றார். இப்படி ஒரு மனைவிக்கு இப்படி ஒரு மனிதன் என்று பென்ஹாக்காரர்கள் தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

மணி பதினொன்றானது. அன்று வியாழக்கிழமை. நைல் கரையில் இந்நேரம் விளக்கை அணைத்திருப்பார்கள்.

முதலில் பதினோரு நொடி அவர் மூச்சுவிடவில்லை. பிறகு கோட்டுக்குள் அவருடைய தோள் நான்கு முறை ஏறி இறங்கியது. நான்காவது முறை இறங்கத் தாமதித்தது. பக்கத்தில் நின்ற ஷாகிர், தம்பி இப்போதாவது அழுகிறானே என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்வான் அழவில்லை. ஓதுகிறவரின் குரலுக்கு மேல், கபருகளுக்கு நடுவே, அவருடைய தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. மூன்று அடி தூரம், அவசரமில்லாமல்.